கட்-ஆஃபும் தரவரிசையும்: பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டு பாடவேளைகள்

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள் கம்பம் பள்ளத்தாக்கில் எந்த மேல்நிலைப் பள்ளியின் வராந்தாவில் நின்றாலும் இந்தக் கேள்வி காதில் விழும்: "சார், கட்-ஆஃப் 156 வருது. கெடைக்குமா?" எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு என்பதெல்லாம் கேள்வியில் இருக்காது. கேட்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் அம்மா நிற்பார். ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்பை அன்றைக்கு விட்டுவிட்டு வந்திருப்பார். ஒரு நாள் கூலியை இழந்து வந்து கேட்கும் கேள்விக்கு "பார்க்கலாம்மா" என்று சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை.

அதனால் சில ஆண்டுகளாகப் பொதுத்தேர்வுக்கு முன்பே, திருப்புதல் தேர்வு விடைத்தாள் கொடுக்கும் வாரத்தில், என் கணிதப் பாடவேளைகளில் இரண்டை இதற்கென எடுத்துவைக்கிறேன். 'நான் முதல்வன்', 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகளில் நல்ல தகவல்கள் கிடைக்கின்றன. ஆனால் பெரிய அரங்கில் நூற்றுக்கணக்கானோருக்கு நடுவில் கேட்டதை வீட்டில் போய் விளக்கப் பல பிள்ளைகளுக்கு வருவதில்லை. தன் மதிப்பெண்ணைத் தானே கரும்பலகையில் போட்டுப் பார்த்த பிள்ளைக்கு வருகிறது. எடுப்பது கணிதம்தான், பாடத்திட்டம் ஒன்றும் கெட்டுப்போவதில்லை.

ஒரு சொல், இரண்டு பொருள்

முதல் சிக்கல் சொல்லிலேயே இருக்கிறது. 'கட்-ஆஃப்' என்று நாம் இரண்டு வெவ்வேறு எண்களைச் சொல்கிறோம். ஒன்று, மாணவர் தன் மதிப்பெண்ணிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளும் 200க்கான கூட்டு மதிப்பெண். மற்றது, சென்ற ஆண்டு ஒரு கல்லூரியில் ஒரு பாடப்பிரிவில் ஓர் இனப்பிரிவில் கடைசியாக இடம் பெற்றவரின் கூட்டு மதிப்பெண். முதலாவது இவருடைய உழைப்பின் விளைவு. இரண்டாவது, முன்பின் தெரியாத பல்லாயிரம் பேரின் விருப்பங்கள் சேர்ந்து உண்டாக்கிய எண். அதை யாரும் உட்கார்ந்து நிர்ணயிப்பதில்லை. கலந்தாய்வு முடிந்த பிறகு திரும்பிப் பார்த்தால் தெரிவது. பேருந்து புறப்பட்டபின் கடைசியாக ஏறியவர் யார் என்று பார்ப்பது போலத்தான். வகுப்பில் குழப்பம் வராமலிருக்க முதலாவதைக் 'கூட்டு மதிப்பெண்' என்றும், இரண்டாவதைக் 'கடைசி இட மதிப்பெண்' என்றும் சொல்லிக்கொள்கிறோம். இந்தக் கட்டுரையிலும் அப்படியே.

கூட்டு மதிப்பெண்ணைக் கணக்கிடுவது எளிது. கணிதம் 100க்கு 100 அப்படியே. இயற்பியல் பாதியாகி 50, வேதியியல் பாதியாகி 50. ஆக 200. கணிதத்தில் 82, இயற்பியலில் 71, வேதியியலில் 78 வாங்கிய மாணவிக்கு 82 + 35.5 + 39 = 156.5. இதைப் போட்டு முடித்ததும் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடிக்கும் ஒன்று உண்டு: கணிதத்தில் ஒரு மதிப்பெண் போனால் ஒன்று போகிறது, இயற்பியலில் ஒன்று போனால் அரைதான் போகிறது. கணித ஆசிரியருக்கு இது கொஞ்சம் மகிழ்ச்சி தரும் கணக்கு. ஆனால் இயற்பியலைக் கைவிட இதைச் சாக்காக எடுத்துக்கொள்ள நான் விடுவதில்லை. காரணம் கீழே வருகிறது.

தகுதி மதிப்பெண் என்பது இதிலிருந்து வேறுபட்டது. மூன்று பாடங்களின் சராசரி பொதுப்பிரிவினருக்கு 45 விழுக்காடு, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 விழுக்காடு இருக்க வேண்டும். தேர்ச்சிக்கு 35 போதும் என்பதால், மூன்று பாடத்திலும் தேர்ச்சி பெற்றும் விண்ணப்பிக்க முடியாதவர்கள் ஒரு சிலர் இருப்பார்கள். திருப்புதல் தேர்விலேயே அவர்களைக் கண்டுபிடித்துவிட்டால், அந்த ஐந்து மதிப்பெண்ணுக்காக மட்டும் ஒரு மாதம் உழைக்க வைக்கலாம்.

என்ட்ரன்ஸ் எங்கே போனது?

பெற்றோர்களில் படித்தவர்கள் இன்றும் கேட்கிறார்கள்: "இதுக்கு என்ட்ரன்ஸ் எழுதணும்ல சார்?" அவர்கள் காலத்தில் எழுத வேண்டியிருந்தது. 1984இல் தொடங்கிய தொழிற்படிப்பு நுழைவுத் தேர்வு 2006 வரை நடந்தது. அப்போது பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, மொத்தம் 300. கம்பத்திலோ கூடலூரிலோ இருந்த பிள்ளை பயிற்சிக்காக மதுரையில் தங்க வேண்டும். முடியாதவர்கள் பள்ளியில் சொல்லிக்கொடுத்ததை வைத்தே எழுதினார்கள். அதை நீக்க முதலில் எடுத்த முயற்சிகள் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. பிறகு எம்.அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 2006 டிசம்பரில் சட்டப்பேரவை நிறைவேற்றிய சட்டம், குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு 2007இல் நடைமுறைக்கு வந்தது. மற்ற வாரியங்களில் படித்தவர்களின் மதிப்பெண்ணைப் பாடவாரியாக நம் வாரியத்தின் உச்ச மதிப்பெண்ணோடு சமன்செய்யும் முறையும் அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது.

இன்னொரு மாற்றமும் உண்டு. இன்றைய மாணவர்களுக்கு இதுவே முக்கியம். 1997இல் தொடங்கிய ஒற்றைச் சாளரக் கலந்தாய்வுக்கு 2017 வரை நேரில் சென்னைக்குப் போனார்கள். இரவுப் பேருந்தில் போய், அண்ணா பல்கலைக்கழகத்தில் காத்திருந்து, தன் முறை வரும்போது திரையில் மீதி இடங்களைப் பார்த்து ஒன்றைச் சொன்னால் போதும். 2018 முதல் எல்லாம் இணையவழி. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. பயணச் செலவு மிச்சம்தான். ஆனால் அன்று மீதி இடம் கண்ணுக்குத் தெரிந்தது. இன்று என்ன மீதியிருக்கும் என்று தெரியாமலே விருப்பப் பட்டியலை எழுதிக் கொடுக்க வேண்டும். தரவரிசையில் முன்னால் நின்றும் இடம் கிடைக்காமல் போகிறவர்கள் இங்கேதான் உருவாகிறார்கள்.

கரும்பலகையில் ஒரு கலந்தாய்வு

இரண்டாவது பாடவேளையில் இந்த விளையாட்டை நடத்துவேன். மூன்று கல்லூரிகள், நம் ஊர் விளைச்சலின் பெயர்களையே வைத்துவிடுகிறேன். திராட்சைக் கல்லூரியில் 2 இடம், ஏலக்காய்க் கல்லூரியில் 2 இடம், தென்னைக் கல்லூரியில் 1 இடம். ஆறு பிள்ளைகள் முன்னால் வந்து நிற்பார்கள். கையில் அட்டை, அதில் கணிதம், இயற்பியல், வேதியியல் என்ற வரிசையில் மதிப்பெண்கள்.

அ: 92, 80, 84 — கூட்டு மதிப்பெண் 174
ஆ: 88, 86, 82 — 172
இ: 84, 78, 82 — 164
ஈ: 80, 84, 84 — 164
உ: 76, 80, 78 — 155
ஊ: 70, 72, 70 — 141

வரிசையில் நிற்கச் சொன்னதும் இ, ஈ இருவருக்கும் தள்ளுமுள்ளு. இருவருக்கும் 164. ஈ சொல்வான்: "சார், மூணு பாடத்தையும் கூட்டினா எனக்கு 248, அவனுக்கு 244. நான்தான் முன்னால." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் விதி வேறு. கூட்டு மதிப்பெண் சமமானால் முதலில் கணித மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். அதுவும் சமமென்றால் இயற்பியல். அதுவும் சமமென்றால் நான்காவது பாடம். பிறகும் தீராவிட்டால் மொத்த மதிப்பெண் போன்றவற்றைக் கடந்து பிறந்த தேதிக்குப் போகும். வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. கடைசியில் ரேண்டம் எண். அதில் பெரிய எண்ணுக்கு முன்னுரிமை. ஆகவே இ முன்னால், ஈ பின்னால். ரேண்டம் எண் வெளியான அன்று "என் நம்பர் நல்ல நம்பரா சார்?" என்று பதறி வருகிற பிள்ளைகளுக்கு, அந்த எண் தேவைப்படும் இடம் இத்தனை படி தள்ளி இருக்கிறது என்று காட்டினால் போதும், பதற்றம் அடங்கிவிடும். இயற்பியலை விடக்கூடாது என்று மேலே சொன்னதும் இதனால்தான். நான்காவது பாடத்தையும் அலட்சியம் செய்ய முடியாது.

வரிசை முடிந்தது. இப்போது ஒவ்வொருவரும் விருப்பப் பட்டியல் எழுதித் தர வேண்டும். பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கக் கூடாது. இந்த ஆறு பேரும் எழுதுவது ஏறத்தாழ இப்படி இருக்கும்.

அ: திராட்சை, ஏலக்காய். ஆ: ஏலக்காய், திராட்சை. இ: திராட்சை, ஏலக்காய். ஈ: திராட்சை மட்டும், "எனக்கு அதுதான் சார் வேணும்." உ-வுக்கு ஏலக்காய்மேல்தான் ஆசை. ஆனால் "நமக்கெல்லாம் அது எங்கே கெடைக்கும்" என்று தென்னையை முதலிலும் ஏலக்காயை இரண்டாவதாகவும் எழுதுகிறாள். ஊ: ஏலக்காய், தென்னை; "கெடைச்சா கெடைக்கட்டும்."

கணினி செய்வதை நான் செய்கிறேன். தரவரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்து, அவர் பட்டியலை மேலிருந்து கீழே படித்து, இடம் காலியாக இருக்கும் முதல் பெயரில் நிறுத்துகிறேன். அ-வுக்குத் திராட்சை. ஆ-வுக்கு ஏலக்காய். இ-க்குத் திராட்சை, திராட்சை நிரம்பியது. ஈ எழுதியது அது ஒன்றுதான், அவனுக்கு இடமில்லை. உ-வின் பட்டியலில் முதல் பெயர் தென்னை, காலியாக இருக்கிறது, கொடுத்தாயிற்று. ஏலக்காயில் ஓர் இடம் மீதமிருந்தது. ஆனால் கணினி அவளுடைய இரண்டாவது வரிக்குப் போகவே இல்லை. ஊ-வுக்கு ஏலக்காய்.

வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும். 164 வாங்கியவனுக்கு ஒன்றுமில்லை. 155 வாங்கியவள் ஆசைப்பட்ட கல்லூரியில் 141 வாங்கியவன் உட்கார்ந்திருக்கிறான். யாரும் ஏமாற்றவில்லை, யாருக்கும் சலுகை தரவில்லை, விதியும் மீறப்படவில்லை.

இப்போது கடைசி இட மதிப்பெண்களை எழுதச் சொல்வேன்: திராட்சை 164, தென்னை 155, ஏலக்காய் 141. அடுத்த ஆண்டு நாளிதழிலும் கைபேசியிலும் "ஏலக்காய் கட்-ஆஃப் 141" என்றுதான் வரும். பிறகு ஒரே ஒரு மாற்றம்: ஈ தன் பட்டியலில் இரண்டாவதாக ஏலக்காயையும் எழுதியிருந்தான் என்று வைத்துக்கொண்டு மீண்டும் நடத்துவோம். ஈ-க்கு ஏலக்காய், உ-வுக்குத் தென்னை, ஊ-வுக்கு ஒன்றுமில்லை. ஏலக்காயின் கடைசி இட மதிப்பெண் 164 ஆகிவிட்டது! ஒரு மாணவன் ஒரு வரி கூடுதலாக எழுதியதில் 141 என்பது 164 ஆகிறது. நிஜக் கலந்தாய்வில் இடங்கள் அதிகம், ஆட்கள் அதிகம் என்பதால் இவ்வளவு பெரிய தாவல் வராது. ஆனால் இடம் குறைவான பிரிவுகளில், குறிப்பாக ஒரு பாடப்பிரிவில் ஓர் இனப்பிரிவுக்கு ஒன்றிரண்டு இடங்களே இருக்கும்போது, ஆண்டுக்கு ஆண்டு நல்ல வேறுபாடு வரத்தான் செய்யும். அந்த எண்ணைக் கல்லில் பொறித்ததாக எடுத்துக்கொண்டு பட்டியலைச் சுருக்கிக்கொள்ளும் பிள்ளை ஈ-யின் நிலைக்கோ உ-வின் நிலைக்கோ வந்துவிடுகிறது.

இதிலிருந்து வரும் விதிகளைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். மேலே எழுதுவதால் நட்டம் எதுவும் இல்லை. கிடைக்காத கல்லூரியை முதலில் எழுதினாலும், இரண்டாவது வரியில் நம் உரிமை கொஞ்சமும் குறைவதில்லை. விரும்பும் வரிசையிலேயே எழுத வேண்டும், கிடைக்கும் வரிசையில் அல்ல. எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் கீழே நீளமாகக் கொண்டுபோக வேண்டும். ஒரே எச்சரிக்கை: போக மனமில்லாத கல்லூரியை எங்கேயும் எழுதக் கூடாது.

விரும்பும் வரிசை என்பது போன ஆண்டுக் கடைசி இட மதிப்பெண் அதிகமாக இருந்த வரிசை என்று பலர் நினைக்கிறார்கள். இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் அழுத்தமான கருத்து உண்டு. அந்த எண் ஒரு கல்லூரியைப் பலர் விரும்பினார்கள் என்று மட்டுமே சொல்கிறது. அங்கே நன்றாகக் கற்பிக்கிறார்கள் என்று சொல்வதில்லை. பேருந்து வசதி, விடுதி, பாடப்பிரிவின் மீதான மோகம் எல்லாம் அதற்குள் கலந்திருக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் கல்லூரிவாரித் தேர்ச்சி விழுக்காட்டைப் பார்க்கச் சொல்கிறேன். முடிந்தால் ஒரு சனிக்கிழமை நேரில் போய் ஆய்வகத்தைப் பார்த்துவரச் சொல்கிறேன். நமக்குப் பக்கத்தில் போடிநாயக்கனூரில் 2012 முதல் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. வீட்டிலிருந்து எட்டும் தூரத்தில் அரசுக் கல்லூரி வேண்டும் என்று ஒரு மாணவி அதைச் சென்னைக் கல்லூரிகளுக்கு மேலே எழுதினால், அது அவளுடைய நியாயமான வரிசை. "இந்த மார்க்குக்கு இதையா எழுதுறே" என்று கேட்க நமக்கு உரிமையில்லை.

தரவரிசையை எப்படிப் படிப்பது

கூட்டு மதிப்பெண்ணைப் போன ஆண்டுக் கூட்டு மதிப்பெண்ணோடு ஒப்பிடுவதைவிட, தரவரிசையைத் தரவரிசையோடு ஒப்பிடுவது நல்லது. காரணம் எளிது. வினாத்தாள் எளிதானால் எல்லோருடைய மதிப்பெண்ணும் உயரும். எனக்கு முன்னால் எத்தனை பேர் என்பது அதனால் மாறுவதில்லை. 2021ஐ எடுத்துக்காட்டாகச் சொல்வேன். பெருந்தொற்றால் பொதுத்தேர்வு நடக்காத அந்த ஆண்டில் பத்தாம் வகுப்பிலிருந்து 50, பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டின் செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 விழுக்காடு என்று மதிப்பெண் கணக்கிட்டார்கள். அந்த ஆண்டின் 180ஐயும் வேறோர் ஆண்டின் 180ஐயும் ஒரே தராசில் வைக்க முடியாது. தரவரிசையிலும் ஒரு திருத்தம் வேண்டும்: விண்ணப்பித்தோர் எண்ணிக்கையும் மொத்த இடங்களும் மாறினால் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இருந்தாலும் இரண்டில் நம்பகமானது தரவரிசையே.

அரை மதிப்பெண்ணின் எடையையும் கணக்காகவே காட்டலாம். நம் வாரியத்தில் கூட்டு மதிப்பெண் அரை அரையாகத்தான் ஏறும். 100 முதல் 200 வரை 201 படிகள். தரவரிசைப் பட்டியலில் சுமார் இரண்டு லட்சம் பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு படியில் சராசரியாக ஆயிரம் பேர். எல்லாப் படியிலும் ஒரே கூட்டம் இருக்காது. உச்சியில் குறைவு, நடுவில் அதிகம். இயற்பியலில் ஒரே ஒரு மதிப்பெண் என்பது நடுப்பகுதியில் ஆயிரம் பேரைத் தாண்டுவது. செய்முறைக் குறிப்பேட்டை ஒழுங்காக முடிக்காத பையனிடம் இந்தக் கணக்கைச் சொன்னால், என் நண்பரான இயற்பியல் ஆசிரியர் சொல்வதைவிட நன்றாகக் கேட்கிறான்.

ஒரு மாணவருக்குப் பொதுத் தரவரிசை ஒன்று, இனவாரித் தரவரிசை ஒன்று, தகுதியுள்ளவருக்கு அரசுப் பள்ளித் தரவரிசையும் வரும். பொதுப்போட்டிக்கு 31, பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கு 20, பட்டியல் இனத்தவருக்கு 18 (இதில் அருந்ததியருக்கு 3), பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. பொதுப்போட்டி 31 விழுக்காடு என்பது இடஒதுக்கீடு இல்லாதவர்களுக்கான ஒதுக்கீடு என்று நம் ஊரில் படித்தவர்களே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது எல்லோருக்கும் திறந்த பகுதி. மதிப்பெண் உள்ள எந்தப் பிரிவு மாணவரும் அதில் இடம்பெறுவார். அப்போது அவருடைய பிரிவின் இடம் பின்னால் நிற்பவருக்கு மிச்சமாகும். இனவாரித் தரவரிசை 900 என்றால், அந்தப் பிரிவின் இடங்களில் 900ஆவது இடம் இவருக்கு என்று பொருளில்லை. முன்னால் இருப்பவர்களில் பலர் பொதுப்போட்டியிலேயே போயிருப்பார்கள்.

இன்னொரு சிறு குழப்பம், ஜே.இ.இ. மெயின் எழுதும் ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கு வரும். அதில் தருவது பெர்சென்டைல். 70 பெர்சென்டைல் என்றால் 100க்கு 70 மதிப்பெண் என்று நினைத்து வீட்டில் இனிப்பு வாங்கியதும் நடந்திருக்கிறது. எழுதியவர்களில் 70 விழுக்காட்டினர் இவருக்குச் சமமாகவோ கீழாகவோ இருக்கிறார்கள் என்பதுதான் அதன் பொருள். பல லட்சம் பேர் எழுதும் தேர்வில் மீதி 30 விழுக்காடு எத்தனை பேர் என்று பெருக்கிப் பார்த்தால் விளங்கிவிடும்.

ஆறாம் வகுப்பிலேயே தொடங்கும் கணக்கு

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு முன்னுரிமை, நீதிபதி டி.முருகேசன் ஆணையத்தின் பரிந்துரைக்குப் பின் 2021இல் சட்டமானது. ஒவ்வொரு கல்லூரியிலும் அரசு ஒதுக்கீட்டு இடங்களில் 7.5 விழுக்காடு, அதற்குள்ளும் இனவாரி ஒதுக்கீடு உண்டு. இதில் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது. இதே பிள்ளைகள் பொதுக் கலந்தாய்விலும் போட்டியிடலாம். அங்கே கொஞ்சம் பெயர்பெற்ற கல்லூரி கிடைத்ததென்று மகிழ்ச்சியில் அதை ஏற்றுக்கொள்ளும் முன், கட்டணச் சலுகை 7.5 விழுக்காட்டு இடத்துக்குத்தான் என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். நான்கு ஆண்டுச் செலவு சிறிய தொகையல்ல.

தகுதி: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள், நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் எல்லாம் இதில் அடங்கும். அரசு உதவிபெறும் பள்ளிகள் அடங்கா. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டில் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புவரை படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு இடமுண்டு.

இந்த விதி எங்கள் பகுதியில் கடிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத் தோட்டங்களுக்குக் குடும்பத்தோடு போய்ச் சில ஆண்டுகள் தங்கித் திரும்புவது இங்கே வழக்கம். பிள்ளை அங்கே ஆறாம், ஏழாம் வகுப்பைக் கேரள அரசுப் பள்ளியில், தமிழ்வழியிலேயேகூடப் படித்திருக்கும். எட்டாம் வகுப்பில் நம்மிடம் சேர்ந்து, பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்து, விண்ணப்பிக்கும்போதுதான் அந்த இரண்டு ஆண்டு இடைவெளி தெரியவரும். அன்றைக்கு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அதேபோல, ஆறாம் வகுப்புக்கு நகரத்தில் உதவிபெறும் பள்ளியில் சேர்த்து, ஒன்பதில் அரசுப் பள்ளிக்குக் கொண்டுவருகிற குடும்பங்களும் உண்டு. ஐந்தாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழ் வாங்க வரும் பெற்றோரிடம் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இந்த ஒரு செய்தியைச் சொல்லிவிட்டால் நன்று. தாத்தா பாட்டியிடம் பிள்ளையை விட்டுவிட்டு மலைக்குப் போகலாமா என்று சிலர் யோசிக்கிறார்கள். அது வேறு வகையில் கடினமான முடிவு. அதை அவர்களே எடுக்கட்டும். தெரிந்து எடுக்கட்டும் என்பதுதான் என் விருப்பம். பிளஸ் ஒன் சேர்க்கையின்போது எமிஸ் பதிவையும் மாற்றுச் சான்றிதழ்களையும் வைத்து 6 முதலான பள்ளிகளைச் சரிபார்த்துவிட்டால், படிப்புச் சான்று கேட்கும்போது ஜூன் மாதத்தில் அலைய வேண்டியதில்லை.

மே மாதத்தில் இன்னொரு கூட்டம் கிளம்பும். "உங்க பிள்ளைக்குக் கவுன்சலிங்ல ஒண்ணும் கெடைக்காது, அசல் சான்றிதழைக் கொடுங்க, சீட்டை உறுதி பண்ணிடறேன்" என்று வீட்டு வாசலுக்கே வருவார்கள். ஆண்டுதோறும் கலந்தாய்வின் முடிவில் பல்லாயிரம் இடங்கள் நிரம்பாமல் நிற்பது அவர்களுக்கும் தெரியும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டால் 7.5 விழுக்காட்டுச் சலுகையும் கிடையாது, முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையும் கிடையாது. அசல் சான்றிதழ்களை யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் நான் இரண்டு முறை சொல்வேன். ஒரு முறை சொன்னால் மறந்துவிடுகிறது.

ஒதுக்கீடு வந்த பிறகு

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் வேலை முடிந்ததென்று நினைக்கிறார்கள். அப்போது ஒரு பதில் சொல்ல வேண்டும்: ஏற்றுச் சேர்கிறேன், ஏற்றுக்கொண்டு, பட்டியலில் மேலே இருப்பது காலியானால் அதற்குப் போகிறேன், இதை மறுத்து மேலே இருப்பதற்கு மட்டும் காத்திருக்கிறேன், அடுத்த சுற்றுக்குப் போகிறேன், கலந்தாய்விலிருந்து விலகுகிறேன். பெரும்பாலான நம் பிள்ளைகளுக்கு இரண்டாவது பொருந்தும். கையில் இருப்பது போகாது. மேலே கிடைத்தால் இது தானாக விடுபடும். மூன்றாவதைத் தேர்ந்தால் கையில் இருப்பது போய்விடும். திரையில் இரண்டும் அடுத்தடுத்து, ஏறத்தாழ ஒரே சொற்களில் இருப்பதால், அழுத்தும்முன் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சத்தமாகப் படிக்க வேண்டும். பள்ளியின் ஹைடெக் ஆய்வகத்தை அந்த நாட்களில் திறந்துவைக்கத் தலைமையாசிரியரிடம் முன்பே கேட்டுவைத்துக்கொள்வது நல்லது.

பதில் சொல்லக் குறிப்பிட்ட கெடு உண்டு. தாண்டினால் ஒதுக்கீடு போய்விடும். இங்கேதான் ஒரு சின்ன விஷயம் பெரிதாகிறது: ஓ.டி.பி. வரும் கைபேசி. விண்ணப்பத்தில் பெரும்பாலும் அப்பாவின் எண்ணைக் கொடுத்திருப்பார்கள். அப்பா விடிகாலை ஜீப்பில் மலைக்குப் போயிருப்பார். ஏலக்காட்டுக்குள் சிக்னல் இருக்காது. மாலை ஆறு மணிக்குமேல்தான் இறங்கி வருவார். கடைசி நாள் பிற்பகலில் ஆய்வகத்தில் பிள்ளை உட்கார்ந்திருக்கும், ஓ.டி.பி. மலைமேல் இருக்கும். இப்போது விண்ணப்பம் தொடங்கும் நாளிலேயே வகுப்பில் ஒரு தாளைச் சுற்றவிடுகிறேன்: பெயர், பகலில் வீட்டிலோ ஊரிலோ இருக்கும் ஒருவரின் கைபேசி எண், அந்த எண் ஆகஸ்ட், செப்டம்பர் வரை மாறாது என்ற உறுதி. சென்ற முறை அந்தத் தாளில் அத்தை, சித்தி, மளிகைக்கடை அண்ணன், ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர் எல்லோருடைய எண்களும் இருந்தன.